காலி வண்டியின் சரக்கு

எங்கள் பட்டியலில் பிழை இல்லை.
மேசை நாற்பத்திரண்டு, கரும்பலகை மூன்று,
குளிர்கோட்டு மூட்டை பதினெட்டு,
வீட்டுக்கொன்றாய் உணவுப் பெட்டி:
எண்ணெய், பாஸ்தா, டின்னில் தக்காளி சூப்.

மால்டோவாவுக்குள் நுழையும் பாலத்தில்
பதினோரு மணி நேரம் நிறுத்திவைத்தார்கள்.
மேசைகளுக்குச் சான்றிதழ் இருக்கிறதாம்,
மேசையின் திருகாணிகளுக்கு இல்லையாம்.
யெல்லே தூங்கிவிட்டான்.
நான் ப்ரூட் ஆற்றில் மிதந்துபோகும்
பனிக்கட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடம் மேட்டில்.
தலைமையாசிரியை விக்டோரினா
கையுறையைக் கழற்றிவிட்டுக் கை கொடுத்தாள்.
மேசை இறக்க ஆண்கள் யாரும் வரவில்லை.
ஆண்கள் இல்லை. பெண்களிலும் பாதி இல்லை.
வாசலில் நின்றபடியே ஒவ்வொரு வீடாய்க் காட்டி
இத்தாலி, என்றாள், பாரிஸ், வார்சா, மறுபடி இத்தாலி,
வருகைப் பதிவேடு வாசிக்கிற குரலில்.

எட்டாம் வகுப்புதான் தூக்கியது.
ஒரு மேசையின் அடியில்
எங்கள் ஊர்ப் பையன் எவனோ ஒட்டிய சூயிங்கம்
கல்லாகிக் கிடந்தது.
அந்தப் பள்ளியை மூடிவிட்டோம், பிள்ளைகள் போதவில்லை
என்றேன். விக்டோரினா சிரித்தாள்,
நிறுத்த முடியாமல் சிரித்தாள்.
"இங்கே மொத்தம் இருபத்தாறு பேர்."
மீதி பதினாறு மேசையையும்
சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கினோம்.

நன்கொடையாளருக்குப் படம் வேண்டுமே.
சிரிங்கள் என்று யெல்லே
தன் பல்லைக் காட்டிக் காட்டிக் கெஞ்சினான்.
முழங்காலுக்குக் கீழே கோட்டு தொங்க
ஒருத்தி மட்டும் உதட்டைத் திறக்கவில்லை.
லூமினிட்சா. ஏழு வயது.

அவள் சித்தி வீட்டுக்குப் பெட்டியோடு போனபோதுதான்
புரிந்தது. அங்கே
விழுந்த பல்லைக் கூரைமேல் எறிந்து
காக்கையிடம் புதுப் பல் கேட்பது வழக்கம்.
இவள் எறியவில்லை.
தீப்பெட்டிக்குள், பஞ்சின்மேல், ஐந்து பல்.
அம்மா பார்க்கட்டும், அப்புறம் காக்கைக்கு.

அம்மா எங்கே?
சித்தியின் போனில் வரைபடத்தை
இரண்டு விரலால் விரித்தாள், மேலும் விரித்தாள்.
எங்கள் நாடு. வெஸ்ட்லாண்ட்.
வரிசை வரிசையாய்த் தக்காளிக் கண்ணாடிக் கூடங்கள்.

நான் மேசைமேலிருந்த சூப் டின்னைப் பார்த்தேன்.
சித்தியும் பார்த்தாள்.
பிறகு எழுந்து காபி ஊற்றினாள்.

திரும்பும் பயணத்தின் தாளில்
"சரக்கு: ஏதுமில்லை" என்று
அச்சிலேயே இருக்கும்.
தீப்பெட்டியைச் சட்டையின் உள்பையில் வைத்துப்
பித்தானைப் போட்டேன்.

பாலத்தில் அதே அதிகாரி.
சொல்லவேண்டியது ஏதாவது உண்டா?
திறந்து நீட்டினேன்.
டார்ச் அடித்தான். உதடசைய எண்ணினான்.
தனக்கும் வீட்டில் ஒன்று இருப்பவன்போல
ஒற்றை விரலால் மெல்லத் தள்ளி மூடினான்.
இந்த முறை நான்கு நிமிடம்.

முப்பத்தோரு வருடம் குரோனிங்கனில் பேருந்து ஓட்டியவள்.
பயணியை இறக்காமல்
ஒருநாளும் பணிமனைக்குப் போனதில்லை.

இப்போது இரவு பதினொன்று.
கண்ணாடிக் கூடங்களின் விளக்கொளியில்
மேகமெல்லாம் ஆரஞ்சு,
விடியப்போகிறது என்று பொய் சொல்லிக்கொண்டு.
ஷிப்ட் முடிய ஆறு மணி ஆகுமாம்.
வேலை நேரத்தில் யாரையும் கூப்பிட முடியாது,
பார்சலும் வாங்குவதில்லை என்கிறான் வாசல் காவலன்.

சரி என்று எஞ்சினை அணைத்தேன்.
அறிக்கையில் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது
என்று கேட்டான் யெல்லே; பதில் வருமுன்
தூங்கிப்போனான்.

திரும்பி உட்கார்ந்தால் உள்பையில் கிலுங்குகிறது.
இன்னும் கொஞ்சம் பஞ்சு வைத்திருக்கலாம்.